கூட்டமில்லாத அரங்கம்

புரட்டாசி முடிந்து முதல் மழை விழுந்ததும் தவறாமல் புறப்பட்டு வருபவை இரண்டு. ஒன்று ஈசல். மற்றொன்று, திருச்சிக்கு எப்போது போனால் கூட்டமிராது என்று விளக்கும் பயணக் கட்டுரை. ஞாயிற்றுக்கிழமை இணைப்புகளில் அச்சாகிக்கொண்டிருந்த இந்தச் சரக்கு இப்போது காணொலியாகவும் உருவெடுத்துவிட்டது. சாராம்சம் மட்டும் மாறவில்லை. வெயில் தணிந்துவிட்டது, மார்கழி இன்னும் பிறக்கவில்லை, ஆகவே இந்த 'இலையுதிர்கால' இடைவெளியில் புகுந்து வெளியேறிவிடுங்கள், சனிக்கிழமையைத் தவிருங்கள், அமாவாசை, ஏகாதசி, பண்டிகை எதுவும் வேண்டாம், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கடைவீதிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள், வாரத்தின் நடுநாள், அதிலும் புதன்கிழமை, உத்தமம், மலைக்கோட்டைக்கு ஒரு காலை, ஸ்ரீரங்கத்துக்கு ஒரு மாலை, திருவானைக்காவல் போகிற வழியில். முடிந்தது திருச்சி.

இந்த ஆலோசனை தவறு என்பது எங்கள் கட்சி. அதிலுள்ள தகவல்கள் பொய் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலும் அவை சரியாகவே இருக்கின்றன. ஓர் ஊரைக் காணப் போகிறவர், அந்த ஊர் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகவேண்டும் என்கிறதே அதன் அடிப்படை, அதைத்தான் எங்களால் விழுங்க முடியவில்லை.

முதலில் அந்த 'இலையுதிர்காலம்'. எங்கள் ஊர் அரசமரம் இலை உதிர்ப்பது மாசி பங்குனியில். ஐப்பசியில் அது மழையில் குளித்துப் பளபளவென்று நிற்கும். தமிழ் மரபு ஆண்டை ஆறாகப் பகுத்து, ஆவணியையும் புரட்டாசியையும் கார் என்றது, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றது. கூதிர் என்றால் குளிர்காற்றும் விடாத தூறலும். வடகிழக்குப் பருவமழை திருச்சிக்கு உரியதைக் கொட்டுவது இந்த மாதங்களில்தான். இதை இலையுதிர்காலம் என்று எழுதுகிறவர் வானத்தைப் பார்த்து எழுதவில்லை. எங்கோ மேப்பிள் மரங்கள் சிவக்கும் தேசத்துக்காக எழுதப்பட்ட கையேட்டைப் பார்த்து எழுதுகிறார். கூதிரைக் களமாகக் கொண்டே நக்கீரர் நெடுநல்வாடையைப் பாடினார். அதில் கோவலர் குளிரில் நடுங்குகிறார்கள், விலங்குகள் மேய்ச்சல் மறக்கின்றன. ஆயினும் மூதூரின் அகன்ற தெருவில் கள்ளுண்டு களித்த ஆட்கள் தூறலைச் சட்டை செய்யாமல், பொழுது போனதும் அறியாமல் சுற்றித் திரிகிறார்கள். சங்க காலத்து 'ஆஃப் சீசன்' தெருவே அப்படித்தான் இருந்திருக்கிறது.

பருவத்தை இரவல் வாங்கியவர்கள், கூட்டத்தைப் பற்றிய அச்சத்தையும் அங்கிருந்தே வாங்கிவந்துவிட்டார்கள். வெனிஸ் நகரை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய நகர்ப்பகுதியில் குடியிருப்போர் தொகை 2022-இல் 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. வருகிறவர்களோ அதைப்போலப் பன்மடங்கு. 2024 ஏப்ரலில், நெரிசல் மிகும் நாட்களில் பகல்பொழுதுக்கு வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலையில் பார்சிலோனாவில் ஊர்க்காரர்கள் நீர்த்துப்பாக்கியால் சுற்றுலாப் பயணிகளை நனைத்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அங்கே கூட்டம் என்பது வெளியிலிருந்து வந்து ஊரை மூடிக்கொண்ட ஒன்று. அது விலகினால் அடியில் ஊர் தெரியும். அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ அங்கே போனால் வெனிஸ்காரர் வெனிஸ்காரரோடு பேசுவதைக் கேட்கலாம் என்று ஒருவர் சொன்னால், அது நியாயமான யோசனை, எங்களுக்கும் மறுப்பில்லை.

திருச்சியில் கூட்டம் என்பது யார்? லால்குடியிலிருந்தும் முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள். துணி எடுக்க, மருத்துவரைப் பார்க்க, வழக்குக்கு, பெண் பார்க்க, பெருமாளைப் பார்க்க வருகிறவர்கள். ஒரே நாளில் இதில் மூன்றை முடித்துக்கொண்டு கடைசிப் பேருந்துக்கு ஓடுகிறவர்கள். இந்தக் கூட்டம் விலகினால் அடியில் தெரிவதற்கு வேறொரு திருச்சி கிடையாது. ஊர் என்று நாம் சொல்வதே அவர்களைத்தான். ஆகவே 'சுற்றுலாக் கூட்டத்தைத் தவிருங்கள்' என்று வெனிஸுக்குச் சொல்வதும் திருச்சிக்குச் சொல்வதும் ஒன்றாகாது. கல்யாண வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறவரிடம், 'முகூர்த்தத்துக்கு மறுநாள் போங்கள், பந்தல் காலியாக இருக்கும்' என்பதற்கும் இதற்கும் எங்களுக்கு வேறுபாடு தெரியவில்லை.

அந்த இடைவெளியில்தான் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். புரட்டாசி நவராத்திரியில் ஏழாம் திருநாளன்று ரங்கநாயகித் தாயாரின் திருவடி சேவை. ஆண்டு முழுவதும் புடவையின் மடிப்புக்குள் மறைந்திருக்கும் பாதங்களை அன்று ஒருநாள் காணலாம். ஐப்பசி பிறந்துவிட்டால் துலா மாதம். மற்றப் பதினொரு மாதங்களும் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வரும் திருமஞ்சன நீர், இந்த ஒரு மாதம் மட்டும் அம்மா மண்டபப் படித்துறையிலிருந்து, அதாவது காவிரியிலிருந்து, தங்கக் குடத்தில் யானைமீது வருகிறது. விடியலில் படித்துறைக்குப் போய்ப் பாருங்கள். முதல்நாள் இரவே வந்து மண்டபத்தில் படுத்திருந்த குடும்பங்கள், ஈரப் புடவையை இரு முனையிலும் பிடித்துக் காற்றில் உலர்த்தும் பெண்கள், முன்னோர் பெயரை மறந்துபோய் அக்காவிடம் கைப்பேசியில் கேட்கும் தம்பிகள், சலிக்காமல் காத்திருக்கும் புரோகிதர். தீபாவளி நாளில் நம்பெருமாள் தம் மாமனார் பெரியாழ்வாருக்கு நாணய மூட்டைகளைச் சீராகத் தருகிற சாளி உற்சவம். மாமனார்க்கு மரியாதை செய்யாத மாப்பிள்ளை என்ற பேச்சுக்குப் பெருமாளே இடம் கொடுக்கவில்லை. பின்னர் ஊஞ்சல் உற்சவம். கார்த்திகையில் கைசிக ஏகாதசி: இரவில் நம்பெருமாளுக்கு 365 வஸ்திரங்கள் சாத்துகிறார்கள், கைசிக புராணம் வாசிக்கப்படுகிறது. இதற்கு நடுவே எங்கே இருக்கிறது அந்த இடைவெளி?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்ரீரங்கத்தில் தைப் புனர்பூசத் தேரோடு மோதும் ஆண்டுகளில் வைகுண்ட ஏகாதசியை மார்கழிக்குப் பதிலாகக் கார்த்திகையிலேயே கொண்டாடிவிடுவார்கள்; ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நிகழும். 2021-இல் அப்படித்தான், மற்றக் கோயில்களெல்லாம் 2022 ஜனவரி 13-க்குக் காத்திருக்க, இங்கே டிசம்பர் 14 அன்றே பரமபத வாசல் திறந்துவிட்டது. மார்கழிக் கூட்டத்துக்கு அஞ்சிக் கார்த்திகைக் கடைசியில் அறை பதிவு செய்தவர்களை நினைத்துப்பார்க்கிறோம்.

திருவானைக்காவில் இதைவிட நயமான ஒரு கணக்கு இருக்கிறது. சிவாலயங்களில் ஐப்பசிப் பௌர்ணமியன்று அன்னாபிஷேகம் நடப்பது வழக்கம். ஆனால் ஜம்புகேசுவரர் நீர்த்தலத்துக்காரர். ஐப்பசி மழையில் அவரைச் சுற்றி நீர் ஊறி நிற்கும். ஆகவே அவருக்கு மட்டும் அன்னம் வைகாசியில். இந்த ஊரில் காலத்தைக் கணித்தவர்கள் ஆற்றையும் ஊற்றையும் நட்சத்திரத்தையும் பார்த்துக் கணித்தார்கள். அப்படிக் கணித்த நாளில் கூட்டம் சேரவேண்டும் என்பதே நோக்கம்.

தெருக்களே அதற்குச் சாட்சி. ஸ்ரீரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளில் வெளிச்சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் பள்ளிகளும் இருக்கின்றன. கோயிலுக்கு வெளியே ஊர், ஊருக்கு நடுவே கோயில் என்ற கணக்கு இங்கே செல்லாது. தைத் தேர் ஓடுவது உத்திர வீதிகளில், சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதிகளில். தெருவுக்குத் திருவிழாவின் பெயரே கிடைத்திருக்கிறது. தேரையும் அதை இழுக்கிற ஆட்களையும் ஒதுங்கி நிற்கிற ஆட்களையும் அளந்து போட்ட அகலம் அது. ஒரு புதன்கிழமை மத்தியானம் அந்த வீதியின் நடுவே நின்று நிழற்படம் எடுத்துக்கொண்டு, என்ன விசாலம் என்று வியப்பவர், விசாலத்தின் காரணத்தைத் தவிர்த்துவிட்டு விசாலத்தை மட்டும் கொண்டுபோகிறார்.

கூட்டமில்லாத ஸ்ரீரங்கம் எப்படியிருக்கும் என்பதை ஒரு சங்கப்புலவர் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறார். உறையூர் முதுகூத்தனார் அவர்; அகநானூற்றின் 137-ஆம் பாட்டு. தலைவன் பிரியப்போகிறான் என்ற நினைவிலேயே தலைவியின் நெற்றி ஒளியிழந்துவிடுகிறது. அதற்கு உவமை தேடிய புலவர், சோழரின் உறந்தைக்கு அருகே பெருக்கெடுக்கும் ஆற்றின் வெண்மணல் சோலையில் பங்குனி விழா முடிந்த மறுநாளை எடுத்துக்கொள்கிறார். பூவும் இலையும் உதிர்ந்து கிடக்கும் மரச்செறிவு. முந்தைய நாள் ஊரே கூடிச் சமைத்துண்ட அடுப்புகள், இப்போது நெருப்பின்றி. அத்தகைய அரங்கம் போல அவள் நெற்றி பாழ்பட்டுக் கிடந்தது என்கிறார். அந்த 'அரங்கம்' இன்றைய ஸ்ரீரங்கமே என்று கொள்வாரும் உண்டு, பொதுவாக ஆற்றிடைக்குறை என்று கொள்வாரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் எங்கள் வாதத்துக்குச் சேதமில்லை. கூட்டம் கலைந்த மறுநாளை நிம்மதி என்று அவர் எண்ணவில்லை. காதலியின் துயரத்துக்கு இணை வைக்கத்தக்க வெறுமை என்று எண்ணினார். நம்முடைய பயண ஆலோசகர் சிபாரிசு செய்வது துல்லியமாக அந்த மறுநாளைத்தான்.

வரலாற்றிலும் அந்த வெறுமை வந்திருக்கிறது. 1323-இல் உலூக்கானின் படையெடுப்பின்போது அரங்கத்தை விட்டு வெளியேறிய நம்பெருமாள், ஊரூராய் மறைந்து திரிந்து, கோபண்ணர் துணையோடு திரும்பி வந்தது 1371-இல். நாற்பத்தெட்டு ஆண்டுகள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சந்தாசாகிபும் முகம்மது அலியும் மோதிக்கொண்ட காலத்தில் மதில்களுக்குள் படைகள் முகாமிட்டிருந்தன. அண்மையில், 2020 மார்ச்சில் அடைத்த கோயில் கதவுகள் பொதுமக்களுக்கு மறுபடி திறந்தது செப்டம்பரில். அந்த ஆண்டும் மறு ஆண்டும் ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் அடைத்தே கிடந்தது. காவிரி யாரும் இல்லாத படிகளைத் தொட்டுக்கொண்டு போனது. நிழற்படத்துக்கு அதைவிட வாய்ப்பான நாள் இல்லை. பார்த்தவர் யாரும் அதை அழகு என்று சொல்லி நாங்கள் கேட்கவில்லை.

இனி பாலக்கரைக்கு வருவோம். ரயில்வே சந்திப்பிலிருந்து மலைக்கோட்டைக்குப் போகும் வழியில் கிடக்கும் பேட்டை அது. பயணக் கட்டுரைகளில் அதற்கு இடம் கிடையாது. நெரிசல், ஆகவே வேறு வழியாகப் போகச் சொல்லுங்கள் என்று ஆட்டோக்காரருக்கான குறிப்பாக மட்டும் சில சமயம் வரும். பாலம், கரை என்று இரண்டும் அதன் பெயரிலேயே இருக்கின்றன. பாலத்தின் கீழே ஓடுவது உய்யக்கொண்டான். சோழர் வெட்டிய வாய்க்கால், ஆயிரம் ஆண்டு வயது. நகரத்தின் அழுக்கையெல்லாம் சுமந்துகொண்டு, அப்படியும் கிழக்கே வயல்களுக்குப் போய்ச் சேருகிற வாய்க்கால். ஐப்பசி மழையில் அது நிரம்பி ஓடும்போது பாலத்துச் சுவரில் சாய்ந்து நின்று பார்க்கிறவர்களில் ஒரு சுற்றுலாப் பயணியும் இருக்கமாட்டார்.

புதன்கிழமை உத்தமம் என்றாரல்லவா ஆலோசகர்? புதன்கிழமைதான் பாலக்கரையின் சகாயமாதா பசிலிக்காவில் நவநாள். கிறிஸ்தவர் மட்டும் வருவதில்லை. கையில் மெழுகுவத்தியோடு, நெற்றியில் குங்குமத்தோடு வருகிற அம்மாக்களை அங்கே எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பரீட்சை, கடன், குடிக்கிற கணவன், கூடிவராத கல்யாணம் என்று ஒவ்வொருத்தருக்கும் ஒரு மனு. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று கல்லறைத் தோட்டங்களில் பூவும் மெழுகுவத்தியுமாக வேறொரு கூட்டம். சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்கா. அதன் கந்தூரி சந்திர மாதத்தைப் பின்பற்றுவதால் நம் பருவங்களையெல்லாம் சுற்றி வந்துகொண்டே இருக்கும், எந்தக் கையேட்டின் அட்டவணைக்கும் அகப்படாது. இன்னும் கொஞ்சம் நடந்தால் காந்தி மார்க்கெட். மொத்த வியாபாரம் நள்ளிரவுக்குப் பிறகு சூடுபிடித்து விடிவதற்குள் பாதி முடிந்துவிடும். கூட்டமில்லாத மாதம் ஒன்றைப் பாலக்கரையில் தேடிக் கண்டுபிடிக்கிறவருக்கு எங்கள் செலவில் ஒரு காபி.

பாலக்கரையில் கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைக்கப்பட்டவர் ஒருவர் உண்டு என்பதையும் சொல்லியாகவேண்டும். பிரபாத் ரவுண்டானாவில் நிறுவிய நடிகர் திலகத்தின் சிலை, திறப்புவிழாக் காணாமல் பத்தாண்டுக்கும் மேலாகத் துணி போர்த்தி நின்றது. கீழே ஊரே சுற்றிச் சுற்றிப் போய்வந்தது. 2025-இல் புத்தூர்ப் பக்கம் இடம்பெயர்ந்த பிறகுதான் அவர் முகம் வெளிச்சம் கண்டது. கூட்டத்தை நம்பியே வாழ்ந்த கலைஞருக்கு அதைவிடக் கடுமையான தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது. கிடக்கட்டும்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் என்.எஸ்.பி. சாலையும் சின்னக்கடைவீதியும் பெரியகடைவீதியும் தெப்பக்குளத்தைச் சுற்றிய தெருக்களும் நடக்க இடமின்றி இருக்கும் என்பது உண்மை. காவல்துறையினர் கண்காணிப்புக் கோபுரம் கட்டி ஒலிபெருக்கியில் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பெற்றோரை அழைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் யார் அவர்கள்? ஆண்டுக்கு ஒருமுறை குடும்பம் முழுவதற்கும் துணி எடுக்கிறவர்கள். ஜவுளிக்கடல்களின் மாடிப்படிகளில் பாட்டி உட்கார்ந்திருப்பாள், மடியில் பைகள். பேத்திக்குப் பாவாடை தேர்ந்தெடுப்பதில் மூன்று பேருக்கு மூன்று கருத்து இருக்கும், பாட்டிக்கு விலை பற்றி மட்டும் ஒரு கருத்து இருக்கும். வெளியே நடைபாதையில் தார்ப்பாய் விரித்து வளையலும் உள்ளாடையும் விற்கிறவருக்கு அந்த இரண்டு வாரம்தான் ஆண்டு. மழை வந்தால் தார்ப்பாய் தரையிலிருந்து தலைக்கு ஏறும், நின்றால் இறங்கும். அவரைப் பொறுத்தவரை 'கூட்டமில்லாத திருச்சி' என்பது கடன்காரனுக்குச் சொல்லவேண்டிய பதில். பயண ஆலோசனை எழுதுகிறவர் இதையும் யோசித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகம்தான், தெரியும்.

சுஜாதா எழுதிய ஸ்ரீரங்கத்துக் கதைகளைப் படித்து அந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் நம்மில் நிறைய. அந்தக் கதைகளில் கோபுரத்தின் உயரம் எத்தனை அடி என்ற தகவலைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இருப்பதெல்லாம் திண்ணையும், வம்பும், கிரிக்கெட்டும், பக்கத்துவீட்டுக்காரரும். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியோடு பயணம்போய் எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யும் ஆற்றோரத்து மனிதர்களைத் தவிர்த்துக்கொண்டு எழுதிய புத்தகம் அல்ல. இவற்றைப் படித்துப் புறப்படுகிறவர், போய்ச் சேரும்போது மட்டும் மனிதர் இல்லாத நேரம் கேட்பது என்ன நியாயம்?

எங்களை நோக்கி வரக்கூடிய எதிர்வாதம் தெரிந்ததே. கூட்டம் கொல்கிறதே ஐயா, கண்ணில்லையா? இருக்கிறது. 2019 ஏப்ரலில் இதே திருச்சி மாவட்டத்தில், துறையூருக்கு அருகே முத்தையம்பாளையம் கோயிலில் பிடிக்காசு வாங்க முண்டிய நெரிசலில் 7 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரியில் திருப்பதியில் வைகுண்ட வாசல் தரிசன அனுமதிச் சீட்டுக்கு நின்ற இடத்தில் 6 பேர். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று பக்கத்து மாவட்டமான கரூரில் அரசியல் கூட்டத்தில் 41 பேர். குழந்தைகளும் அதில் உண்டு. இவற்றை ஒரு வரியில் தாண்டிப்போக எங்களுக்கு மனமில்லை. ஆனால் இவற்றிலிருந்து எடுக்கவேண்டிய பாடம் எது என்பதில்தான் சண்டை. வருகிறவர்களின் தொகைக்கு ஏற்ற இடம், வெளியேற வழி, தண்ணீர், ஒரே சமயத்தில் ஒரே வாசலில் எல்லாரையும் குவியவிடாத ஏற்பாடு, இவற்றைச் செய்யவேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல், 'கெட்டிக்காரர்கள் அந்த நாளில் போகமாட்டார்கள்' என்று சொல்லிவிடுவது ஆபத்தை ஒழிக்காது; வேறு நாள் தேர்ந்தெடுக்க முடியாதவர் தலையில் அதை இறக்கிவைக்கும். நினைத்தபோது விடுப்பு எடுக்க முடிகிறவருக்குத்தான் நாள் பார்த்துப் போகிற வசதி. கூலிக்காரருக்கு ஞாயிறும் தீபாவளியும் வைகுண்ட ஏகாதசியும்தான் கிடைத்த நாட்கள். நெரிசலில் நிற்பவர் விவரமறியாமல் நிற்கிறார் என்று எழுதுகிற பேனாவுக்கு இது தெரியவேண்டும்.

இதன் அடுத்த படி, கட்டண வரிசை. கோயில்களில் பணம் கொடுத்தால் கூட்டத்தைத் தாண்டிவிடலாம். நாள் மாற்றித் தப்பிக்கத் தெரியாதவருக்குக் காசு கொடுத்துத் தப்பிக்க ஒரு வழி. இரண்டும் ஒரே மனப்பான்மையின் இரு கிளைகள் என்றே கருதுகிறோம்: உடன்நிற்பவரைத் தடையாகக் காண்பது. தர்மதரிசன வரிசையில் இரண்டு மணிநேரம் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே பின்னால் நிற்கும் அம்மாவுக்கு மூட்டுவலிக்கு எந்தத் தைலம், முன்னால் நிற்பவரின் மகனுக்கு எந்தக் கல்லூரி என்பதெல்லாம் பெருமாளைச் சேவிக்கும் முன்பே தெரிந்துவிடும். முதியோருக்கும் கைக்குழந்தையோடு வருகிறவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனிவழி வேண்டும், இலவசமாகவே வேண்டும். வயதான தாயாரை அழைத்துக்கொண்டு வருகிறவர் நெரிசல் நாளைத் தவிர்ப்பதில் குறைகாண நாங்கள் யார்? இங்கே வழக்கு அவர்மீது இல்லை. கால்கள் திடமாக இருந்தும், ஊர்க்காரர்களின் முழங்கை தன்மேல் படக்கூடாது என்று நாட்காட்டியைப் புரட்டுகிறவர்மீதுதான்.

சரி, வரவே வேண்டாம் என்கிறீர்களா, எப்போதுதான் வருவது என்று கேட்கலாம். மாதத்தை மாற்றாதீர்கள், வேளையை மாற்றுங்கள் என்பதே எங்கள் பதில். ஐப்பசியில் வாருங்கள். பொழுது புலருமுன் அம்மா மண்டபம்; குடம் யானையேறிப் போவதைப் பார்த்துவிட்டு அதன் பின்னாலேயே நடந்தால் கோயிலுக்கு வழி கேட்கவேண்டியதில்லை. சாத்தார வீதிப் பூச்சந்தையில் அந்த நேரத்தில் செண்பகமும் மரிக்கொழுந்தும் ஈரச் சாக்கில் பிரிந்துகொண்டிருக்கும். உச்சிக்காலத்தில் திருவானைக்காவல், அகிலாண்டேசுவரியின் சார்பில் அர்ச்சகர் புடவையும் கிரீடமும் அணிந்து, மேளத்தோடு நடந்துபோய் ஜம்புகேசுவரருக்குப் பூசை செய்வது தினமும் அப்போதுதான், எந்த மாதமானாலும். பிற்பகல் கோயில்கள் நடைசாத்தும். அது தூங்குவதற்கான நேரம், மழையும் பெரும்பாலும் அப்போதுதான் திரளும். மாலையில் மலைக்கோட்டையின் நானூற்றுச் சொச்சம் படிகளில் ஏறுங்கள். உச்சியிலிருந்து பார்த்தால் வடக்கே காவிரி, அதற்கப்பால் கோபுரங்கள், காலடியில் கடைவீதியின் விளக்குகள், அவற்றுக்கிடையே புள்ளி புள்ளியாக நகரும் தலைகள். மேலே நிற்கிறவருக்குக் கூட்டமின்மையும் கிடைத்துவிடும், கூட்டமும் கிடைத்துவிடும்.

பிறகு இறங்கி வரவேண்டும். ஆட்டோ வேண்டாம். மெயின்கார்டு கேட்டிலிருந்து தீபாவளிக் கூட்டத்தோடு கூட்டமாக, முன்னால் போகிறவரின் துணிப்பை முழங்காலில் இடிக்க இடிக்கப் பாலக்கரைவரை நடந்தே வாருங்கள். புதன்கிழமையானால் பசிலிக்காவில் நவநாள் முடிந்து வெளியே வருகிறவர்களும் அந்நேரம் சாலையில் சேர்ந்துகொள்வார்கள். வாய்க்கால் பாலத்தருகே நின்று தேநீர் குடிக்கலாம். குடை கொண்டுவாருங்கள், விரிக்க இடம் இருக்காது, ஆனாலும் கொண்டுவாருங்கள்.